உண்ணிச்செடி அடுத்து எங்கே முளைக்கும்? நீலகிரி கணிப்பு வரைபடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் உண்ணிச்செடி (லாண்டானா), சீகை (வாட்டில் மரம்), பார்த்தீனியம் போன்ற அந்நியச் செடிகள் எங்கெங்கே வேரூன்றக்கூடும் என்று கணிக்கும் வரைபடங்களைச் சில வருடங்களாகப் போட்டுவருகிறேன். வனத்துறைக் கூட்டம், கல்லூரி வகுப்பு, எஸ்டேட் அலுவலகம் என்று எங்கே கொண்டுபோய் விரித்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். இனப்பரவல் மாதிரி என்பதுதான் இதற்குப் புத்தகப் பெயர். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் மாடல் என்றே எழுதுகிறேன்.

1. "மேப்புல சிவப்பா இருக்குற இடத்துல எல்லாம் உண்ணிச்செடி இருக்குதுன்னு அர்த்தமா?"

இல்லை. உண்ணிச்செடி ஏற்கெனவே செழித்து நிற்கும் இடங்களின் வெப்பம், மழை, உயரம் எல்லாம் எப்படி இருக்கின்றனவோ, அதே மாதிரி சூழல் இங்கும் இருக்கிறது என்பதுதான் சிவப்புக்கு அர்த்தம். விதை வந்து விழுந்தால் பிழைத்துக்கொள்ளும் இடம் அது. விதை வந்ததா, இனி வருமா என்பதை அந்த நிறம் சொல்லாது.

0.8 என்று எண் போட்டிருந்தால் "80 சதவீதம் வாய்ப்பு" என்று படிப்பவர்கள் நிறையப் பேர். அப்படிப் படிக்கக் கூடாது. 0.8 போட்ட இடம் 0.4 போட்ட இடத்தைவிடச் செடிக்குத் தோதானது, அவ்வளவுதான். பரீட்சை மார்க் மாதிரி இல்லை இது, ரேங்க் மாதிரி.

2. "அப்போ கம்ப்யூட்டர் எதைப் பார்த்து இதைச் சொல்லுது?"

இரண்டு சரக்கு வேண்டும். ஒன்று, செடியைக் கண்ணால் பார்த்த இடங்களின் பட்டியல், அட்சரேகை தீர்க்கரேகையோடு. இன்னொன்று, நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி வெப்பம், குளிர் மாதத்தின் குறைந்தபட்ச வெப்பம், வறண்ட மூன்று மாத மழை என்று எண்கள் நிரப்பிய அடுக்குகள். வேர்ல்டுகிளிம் என்ற இலவசத் தொகுப்பில் இப்படி 19 காலநிலை அடுக்குகள் கிடைக்கின்றன. உயரம், சரிவு, சாலையிலிருந்து தூரம் ஆகியவற்றை நாமே சேர்த்துக்கொள்ளலாம்.

மசினகுடிப் பக்கம் உண்ணிச்செடி பார்த்த புள்ளியை வைத்தால், மழை மறைவுப் பகுதி, சுமார் 900 மீட்டர் உயரம், நல்ல வெயில் என்ற எண்களை மாடல் எடுத்துக்கொள்ளும். கூடலூரில் ஒரு புள்ளி வைத்தால் தென்மேற்குப் பருவமழை கொட்டும் எண்கள் வரும். இரண்டிலும் செடி இருப்பதால் 'மழை இவருக்குப் பெரிய விஷயமில்லை போலிருக்கு' என்று கற்றுக்கொள்ளும். அப்பர் பவானி, அவலாஞ்சி மேட்டிலிருந்து புள்ளியே வராதபோது 'குளிர்தான் இவருக்கு ஆகாது' என்று முடிவு கட்டும். 2006-இல் வெளிவந்த மேக்ஸென்ட் என்ற முறையைத்தான் பெரும்பாலானோர் இன்றும் பயன்படுத்துகிறோம். கணக்கு சிக்கலானது என்றாலும் நடப்பது இதுதான்.

3. "செடி இல்லாத இடத்தோட லிஸ்ட்டும் வேணும் இல்லையா?"

இருந்தால் நல்லதுதான். ஆனால் 'இல்லை' என்று எழுதுவது லேசுப்பட்ட காரியமில்லை. பரவிக்கொண்டிருக்கும் செடி ஓர் இடத்தில் இல்லையென்றால், அந்த இடம் அதற்கு ஒத்துவரவில்லையா, இன்னும் வந்துசேரவில்லையா என்று எப்படிப் பிரிப்பது? அதனால் மேக்ஸென்ட் 'இல்லை' என்பதைக் கேட்பதில்லை. வட்டாரம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, செடி இருக்கும் இடங்கள் பொதுவான நிலத்திலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்று ஒப்பிடுகிறது. இவற்றைப் பின்னணிப் புள்ளிகள் என்போம். எந்த வட்டாரத்திலிருந்து பொறுக்குகிறோம் என்பதில்தான் பாதி தப்பு நடக்கிறது. அது 8-ஆம் கேள்வியில் வரும்.

4. "பாயிண்ட் எல்லாம் நெட்லயே கிடைக்குதே, அப்படியே போட்டுக்கலாமா?"

ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவுத் தளத்தில் எந்தச் செடிக்கும் புள்ளிகளை இலவசமாக இறக்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் உண்ணிச்செடி வரைபடத்தில் ஊட்டி டவுன் செக்கச் செவேல் என்று வந்தது. பெருமையாகக் கொண்டுபோய் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலரிடம் காட்டினேன். முப்பது வருடம் காட்டில் நடந்தவர். "இதென்ன தம்பி, செடி பார்க்க ஆளுக போற எடத்தைக் காட்டுது" என்றார். போய்த் துழாவிப் பார்த்தால் பல புள்ளிகள் சுற்றுலா வந்தவர்கள் பூங்காவிலும் ஓட்டல் வாசலிலும் எடுத்த படங்கள். உண்ணிப்பூவைத் தொட்டியில் அழகுக்கு வளர்ப்பார்கள். அங்கே தண்ணீர் ஊற்றி, பனிக்கு மூடிவைக்க ஆள் இருக்கிறது. அது காட்டில் பிழைத்த கணக்கில் சேராது.

புள்ளிகள் சாலையோரமாகவே இருப்பது அடுத்த தொல்லை. குன்னூர் சாலையில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர் குந்தா பள்ளத்தில் இறங்குவதில்லை. ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கலாம். அதைவிட நல்ல வழி, அதே ஆட்கள் வேறு செடிகளைப் பதிந்த இடங்களையே பின்னணிப் புள்ளிகளாக எடுப்பது. சாலையோரத்தையே அதிகம் பதியும் கோளாறு செடிப் புள்ளியிலும் பின்னணிப் புள்ளியிலும் ஒரே மாதிரி இருப்பதால் கணக்கில் அடிபட்டுப்போகும்.

மூன்றாவது, பெயர்க் குழப்பம். பழைய பதிவுகளில் யூபடோரியம் என்று மட்டும் இருந்தால் கவனம். மேட்டுக் குளிரில் ஓடையோரம் வளரும் அஜெரடினாவும் அதுவே, கூடலூர் பக்கம் மலையாளம் பேசுகிறவர்கள் கம்யூனிஸ்ட் பச்சை என்று சொல்லும் குரோமோலேனாவும் அதுவே. இரண்டையும் கலந்து போட்டால், அடிவாரம் முதல் உச்சி வரை எங்கும் வளரும் ஒரு செடியை மாடல் கண்டுபிடித்துத் தரும். அப்படி ஒரு செடி உலகத்திலேயே கிடையாது. 'நீலகிரி' என்று மட்டும் எழுதிய நூறு வருடத்து உலர்தாவரத் தாள்களையும் ஒதுக்கிவிடுங்கள். யாரோ அவற்றுக்கு மாவட்டத்தின் நட்டநடுப் புள்ளியைக் கொடுத்திருப்பார்கள்.

5. "ஒரு கிலோமீட்டர் கட்டம்னா நல்ல துல்லியம்தானே?"

தஞ்சாவூருக்குத் தாராளமாகப் போதும். இங்கே போதாது. கல்லட்டி மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். 36 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் போட்டுவிடுகிறோம். அந்தச் சரிவில் ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குள்ளேயே 300, 400 மீட்டர் உயர வித்தியாசம் அடங்கிவிடும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி என்று வெப்பம் குறைவதால், ஒரே கட்டத்துக்குள் இரண்டு, இரண்டரை டிகிரி வேறுபாடு. மாடலுக்குத் தெரிவது சராசரி ஒன்று மட்டும். போதாததற்கு அந்த எண்ணே நேரில் அளந்ததில்லை. எங்கெங்கோ இருக்கும் வானிலை நிலையங்களின் அளவுகளை வைத்து நடுவில் இட்டு நிரப்பியது. மலையில் நிலையங்கள் குறைவு.

உறைபனி இன்னொரு கதை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து, பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் குதிரைப்பந்தய மைதானம் வெள்ளையாகக் கிடக்கும்போது நூறு மீட்டர் மேலே இருக்கும் வீட்டு மொட்டைமாடியில் ஒன்றும் இருக்காது. தேயிலை நாற்றைத் தழை போட்டு மூடுகிறவர்கள் எந்த மூலைக்கு முதலில் ஓட வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். வேர்ல்டுகிளிம் தலைகீழாக, மேலே போகப் போகக் குளிர் என்றுதான் கணக்குப் போடும். உண்ணிச்செடிக்கு உறைபனி ஆகாது. ஆகவே எந்தப் பள்ளத்தில் பனி விழும் என்பது தெரியாமல் மேட்டுநிலத்தில் அதன் எல்லையைப் போட முடியாது. 2000-இல் விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்த உயரத் தரவு 30 மீட்டர் கட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து ஓர் இடம் சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு பள்ளம் என்று கணக்கிட்டு ஓர் அடுக்காகச் சேர்த்தேன். இன்றுவரை நான் செய்ததில் உருப்படியான திருத்தம் அதுதான்.

6. "சீகை மரத்தை நாமதானே நட்டோம்? அதுக்கு எதுக்கு மாடல்?"

சரியான கேள்வி. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலிருந்து வந்த கருஞ்சீகையை விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் இங்கே புல்வெளிகளில் தோட்டம் தோட்டமாக நட்டார்கள். நட்ட புள்ளிகளை மாடலுக்குக் கொடுத்தால், எங்கே நடலாம் என்று அந்தக் கால அதிகாரிகள் நினைத்தார்கள் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். பழனி மலையில் சுமார் நாற்பது ஆண்டில் மேட்டுப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. அதிலும் பெரும்பங்கு நட்ட மரங்களும் விவசாயமும் எடுத்துக்கொண்டது. காலநிலைக்கு அதில் வேலை இல்லை.

நமக்கு வேண்டியது தானாக முளைத்த கன்றுகள் மட்டும். பழைய தோட்டத்தின் வரிசையிலிருந்து விலகி, பல வயதில் கலந்து நிற்கும் கன்றுகளைத் தேடிப் புள்ளி எடுக்க வேண்டும். முக்குருத்தி ஓரங்களில் இதைப் பார்க்கலாம். தோட்டம் முடியும் கோட்டிலிருந்து புல்லுக்குள் முதலில் அடர்த்தியாக, பிறகு ஒன்றிரண்டாகக் கன்றுகள் இறங்கியிருக்கும். இங்கே மாடலில் மிகவும் எடுபடும் அடுக்கு வெப்பமோ மழையோ அல்ல, 'கிட்டத்துச் சீகைத் தோட்டத்திலிருந்து எவ்வளவு தூரம்' என்பதே. வெட்டி அகற்றிய இடத்தையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், ஒரு தீ போனால் மொத்தமாக முளைக்கும்.

7. "நம்ம ஊர் டேட்டா மட்டும் போதுமா, தாய்நாட்டு டேட்டாவும் வேணுமா?"

இரண்டும் வேண்டும். செடி தனக்கு ஒத்துவரும் எல்லா இடத்துக்கும் ஏற்கெனவே போய்விட்டது என்று மாடல் நம்பிக்கொள்கிறது. இன்னும் பரவிக்கொண்டிருக்கும் செடிக்கு அது பொய். இங்குள்ள புள்ளிகள் மட்டும் கொடுத்தால் இதுவரை வந்த தூரத்தையே எல்லை என்று வரைந்துவிடும்.

தாயகப் புள்ளிகள் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. புது நாட்டுக்கு வந்த செடி பழைய பழக்கத்தை விட்டுவிடுவதுண்டு. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குப் போன சென்டாரியா என்ற களை, ஊரில் இருந்ததைவிட வேறான காலநிலையிலும் வளர்வதை 2007-இல் காட்டினார்கள். அதே நேரம், 50 களைகளை எடுத்துப் பார்த்த 2012 ஆய்வில் பெரும்பாலானவை தாயகத்துக் காலநிலையை விட்டு அதிகம் விலகவில்லை. உண்ணிச்செடி விஷயத்தில் கூடுதலாகச் சந்தேகப்படுகிறேன். இங்கே இருப்பது வெப்பமண்டல அமெரிக்கக் காட்டுச் செடி அப்படியே அல்ல. தோட்டக்காரர்கள் பல தலைமுறை இனம் கலந்து உருவாக்கிய கலப்பினம் காட்டுக்குத் தப்பியது. அதற்குத் தாயகம் என்று எந்த ஊரைச் சொல்ல?

8. "ஏயூசி 0.95 வந்திருக்கு சார், மாடல் சூப்பர்தானே?"

மாணவர்கள் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அணைக்க மனசு வராது. செடி இருக்கும் ஒரு புள்ளியையும் பின்னணியிலிருந்து ஒரு புள்ளியையும் எடுத்தால், முதலாவதுக்கு மாடல் அதிக மதிப்பெண் கொடுக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதுதான் ஏயூசி. 0.5 என்றால் காசு சுண்டிப் பார்த்த மாதிரி. 1 என்றால் பிசகே இல்லை.

இப்போது 3-ஆம் கேள்விக்குத் திரும்புங்கள். பின்னணியை எங்கிருந்து எடுத்தீர்கள்? இந்தியா முழுவதும் என்றால், ஊட்டியில் வளரும் ஸ்காட்ச் புரூம் செடியை ராஜஸ்தான் பாலைவனத்திலிருந்து பிரித்துக் காட்டியதற்குத்தான் 0.95. அதை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். செடி போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய நிலத்துக்குள் மட்டும் பின்னணியை வைத்தால் எண் இறங்கும், உபயோகம் ஏறும்.

மாடல் கற்பதற்குக் கொடுப்பவை பயிற்சிப் புள்ளிகள், அதற்குக் காட்டாமல் பிறகு சரிபார்க்க ஒதுக்குபவை சோதனைப் புள்ளிகள். இவற்றைக் கண்டபடி பிரிப்பதும் ஏமாற்றுவேலை. பயிற்சிப் புள்ளிக்கு ஐம்பது மீட்டர் பக்கத்தில் சோதனைப் புள்ளி இருந்தால் அது பார்த்து எழுதின பரீட்சை. கோத்தகிரிப் பக்கத்துப் புள்ளிகளை வைத்துப் பயிற்சி கொடுத்து, குந்தாப் பக்கத்தில் சோதித்துப் பாருங்கள். என்னுடைய ஒரு மாடல் அந்தச் சோதனையில் 0.6-க்கு விழுந்தது. வடகிழக்குப் பருவமழையை நம்பும் சரிவில் படித்ததைத் தென்மேற்குப் பருவமழை அடிக்கும் சரிவில் எழுதச் சொன்னேன், பாவம்.

9. "எங்க எஸ்டேட் முழுக்கச் சிவப்பு. ஒரு செடிகூட இல்லையே?"

இருக்காது, நீங்கள் களை எடுக்கிறீர்கள். மாடலுக்குக் களைக்கொத்து தெரியாது. ஆட்கள் கிடைக்காமல் ஒரு ஃபீல்டைக் கைவிட்டுப் பாருங்கள், இரண்டு மூன்று வருடத்தில் தேயிலைக்கு மேல் உண்ணி ஏறி நிற்கும். அந்தச் சிவப்பு தப்பில்லை, 1-ஆம் பதிலில் சொன்ன அர்த்தத்தில் படிக்க வேண்டும்.

10. "2050-ல என்ன ஆகும்னு இதை வெச்சுச் சொல்ல முடியுமா?"

காலநிலை அடுக்குகளுக்குப் பதில் எதிர்கால அடுக்குகளைப் போட்டால் படம் வரும். வந்துவிடும் என்பதுதான் ஆபத்தே. எதிர்கால அடுக்கு என்பதே இன்னொரு மாடல், அதிலும் பல நிறுவனத்து மாடல்கள், உலகம் இனி எவ்வளவு புகை விடும் என்பது பற்றிப் பல சாத்தியக் கதைகள். ஒன்றே ஒன்றைப் போட்டு 2050 என்று தலைப்பு வைத்தவரை நம்பாதீர்கள். குறைந்தது நான்கைந்தைப் போட்டு, எல்லாம் ஒத்துப்போகும் இடத்தை மட்டும் பேசலாம். இன்று எங்குமே இல்லாத வெப்பமும் மழையும் சேர்ந்து வரும் கட்டங்களைத் தனியாகக் கோடு போட்டு மறைக்கவும் வழி உண்டு. அங்கே மாடல் சொல்வது ஊகம்.

திசையைச் சொல்லலாம். குளிர்கால இரவுகள் சூடாகி உறைபனி நாட்கள் குறைந்தால், உண்ணியை இத்தனை காலம் மேட்டுக்கு ஏறவிடாமல் பிடித்திருந்த வேலி தளரும்.

11. "புதுசா ஒரு செடி, அஞ்சு இடத்துலதான் பார்த்தோம். மாடல் போட்டுத் தருவீங்களா?"

மாட்டேன். ஐந்து புள்ளியில் மாடல் போடும் நேரத்தில் ஐந்து செடியையும் பிடுங்கிவிடலாம். மஞ்சள் பூ பூக்கும் சென்னா ஸ்பெக்டபிலிஸ் முதுமலைப் பக்கம் எப்படிப் பெருகியது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். பெரிதான பின் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நான்கு கிளை எழும்பும். கையளவு கன்றாக இருக்கும்போது வேரோடு வந்துவிடும். அப்புறமாக, மற்ற நாட்டுப் புள்ளிகளை வைத்து, அந்தச் செடிக்கு நீலகிரியில் எந்த உயரம் பிடிக்கும் என்று ஒரு முரட்டுக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

12. "சரி, இந்த மேப்பை வெச்சு வேலையை எங்க ஆரம்பிக்குறது?"

எல்லோரும் சிவப்பும் செடியும் சேர்ந்து அடர்ந்திருக்கும் இடத்துக்கு ஓடுகிறார்கள். காசு அங்கேயே கரைந்துவிடும். நான் சொல்வது, சிவப்பாக இருந்து செடி இன்னும் வராத இடங்கள், அதிலும் செடி இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள ஓடை, பாதை, பறவை வந்து உட்காரும் தனிமரம். வருடத்துக்கு இரண்டு தடவை அங்கே ஒரு நடை. தமிழக அரசு 2022-இல் அந்நியத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அகற்றுவதற்குப் பணம் வரும்போது எந்த இடம் முதலில் என்ற பட்டியல் கையில் இருந்தால் நல்லது.

எந்த எண்ணுக்கு மேல் சிவப்பு என்பது கம்ப்யூட்டர் சொல்லும் விஷயமில்லை. குறைவாக வைத்தால் வீண் நடை அதிகம். அதிகமாக வைத்தால் முளைத்ததைத் தவறவிடுவோம். கண்காணிப்புக்குக் குறைவாக வையுங்கள். கால்வலிதானே மிச்சம்.

அகற்றும்போது உண்ணியை மேலே வெட்டிவிட்டுப் போகாதீர்கள். மண்ணுக்குச் சற்றுக் கீழே, ஆணிவேரை வெட்டித் தூரைப் புரட்டித் தலைகீழாகப் போட வேண்டும். எடுத்த குச்சிக்கும் மதிப்பு உண்டு. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் உண்ணிக் குச்சியில் செய்த நிஜ அளவு யானைச் சிற்பங்கள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன.

13. "மேப் ஒண்ணு சொல்லுது, காட்டுல நடக்குறவர் ஒண்ணு சொல்றார். யாரை நம்புறது?"

4-ஆம் பதிலில் வந்த அதே காவலர். உறைபனி அடுக்கு சேர்த்த புது வரைபடத்தோடு ஒரு ஜனவரிக் காலையில் மறுபடி போனேன். ஒரு பள்ளம் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முழங்கால் உயரத்தில் இரண்டு உண்ணித் தூர்கள், இலையெல்லாம் கருகி, தொட்டால் பொடியாகும் நிலையில். "வருசா வருசம் வரும், வருசா வருசம் பனியில போயிரும்" என்றார். சரி, அவர் ஜெயித்தார் என்று குறித்துக்கொண்டேன்.

திரும்பும்போது அவர் 'அங்கே கிடையாது' என்று சொல்லியிருந்த ஒரு சரிவின் வழியாக ஏறினோம். பள்ளத்திலிருந்து எண்பது மீட்டர் மேலே, வெயில் படும் பாறை இடுக்கில், பச்சையாக ஒன்று. பழம் கறுத்து இருந்தது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கத்தியை எடுத்து மண்ணைக் கிளறத் தொடங்கினார். நான் புள்ளியைக் குறித்துக்கொண்டேன்.